தீவின் பெயர் மாறியது, ‘ராஞ்சி’ மாறவில்லை

அந்தமானின் ரங்கத் ஊரைச் சுற்றியுள்ள காட்டோரக் குடியிருப்புகளில் சாத்ரி மொழி பேசுவோரை ஊரே ‘ராஞ்சிக்காரர்’ என்கிறது. ராஞ்சி ஓர் ஊர், இனமல்ல. ஒராவன், முண்டா, காரியா எனத் தனித்தனிப் பழங்குடிகளைச் சோட்டா நாக்பூரிலிருந்து ஆங்கிலேயர் 1918 முதல் மரம் வெட்டக் கொண்டுவந்தனர். ஆள் பிடித்த ஊரின் பெயரே எல்லோர் தலையிலும் ஒட்டிக்கொண்டது.

1619இல் வர்ஜீனியாவில் இறக்கப்பட்ட அங்கோலா மக்களுக்கும் ஏட்டில் ‘நீக்ரோ’தான் மிஞ்சியது. அவர்கள் விலைக்கு விற்கப்பட்டவர்கள், இவர்கள் கூலிக்கு வந்தவர்கள். இரண்டையும் ஒன்றாக்குவது பிழை. பேரேடு எழுதிய புத்தி மட்டும் ஒன்று.

படாக் மரங்களை வெட்டிச் சாய்த்து, யானைகளோடு சேர்ந்து இழுத்து, காட்டை ஊராக்கியவர்கள் இவர்கள். ஜார்க்கண்டில் இதே ஒராவனும் முண்டாவும் பட்டியல் பழங்குடியினர். கடல் தாண்டியவரின் பேரனுக்கு அந்தமானில் அந்தத் தகுதி இல்லை. இங்குள்ள பட்டியலில் ஆறு இனங்களே.

2018இல் ராஸ், நீல், ஹேவ்லாக் தீவுகளும், 2024இல் போர்ட் பிளேரும் பெயர் மாறின. நல்லது. பலகையை மாற்ற பெயிண்ட் போதும். பட்டியலைத் திருத்த நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். அதற்கான பரிந்துரையைத் தீவு நிர்வாகம் தில்லிக்கு அனுப்பட்டும்.