பந்தை வட்டம் எண்டு சொல்லுற பிள்ளையில் பிழை இல்லை

எந்தப் பாலர் பாடசாலைக்குள் போனாலும் சுவரில் ஒரு சார்ட் தொங்கும். வட்டம், சதுரம், முக்கோணம், செவ்வகம். நாலு நிறம், நாலு பெயர். பிள்ளை விரலை வைத்து நாலையும் சரியாகச் சொல்லிவிட்டால் வடிவங்கள் படித்து முடிந்தது. வீட்டிலும் அதைத்தான் வீடியோ எடுத்துச் சொந்தக்காரருக்கு அனுப்புவினம். கேத்திரகணிதத்துக்குள் ஒரு பிள்ளை கால் வைக்கிற வாசல் இதுதான். அந்த வாசலையே நாங்கள் பிழையான பக்கத்தில் வைத்திருக்கிறோம் என்பது எங்கட வாதம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. வட்டத்தை யாராவது கையில் தூக்கியிருக்கிறோமா? தளவுருவுக்குத் தடிப்பு இல்லை. அது தாளில் கீறப்படும், அல்லது ஏதோ ஒரு பொருளின் முகமாக இருக்கும். பிள்ளை தூக்குவது, உருட்டுவது, வாயில் வைப்பது எல்லாம் திண்மங்கள்தான். கடையில் வாங்குகிற மர வடிவப் பெட்டிக்குள் 'வட்டம்' எண்டு இருப்பது உண்மையில் ஒரு கட்டை உருளை. 'முக்கோணம்' எண்டு இருப்பது முக்கோண அரியம். நாலு வயதில் உருளையைக் கையில் குடுத்து "இது வட்டம்" எண்டு சொல்லிக்குடுக்கிறோம். ஆறாம் வகுப்பில் "அது வட்டம் இல்லை, உருளை" எண்டு திருத்துகிறோம். "பந்து என்ன வடிவம்?" எண்டு கேட்க "வட்டம்" எண்டு சொல்லுற பிள்ளையில் என்ன பிழை? எங்களிட்ட இருந்து அதுக்குக் கிடைத்தது அந்த ஒரு சொல்தானே.

சார்ட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கு. அதில் முக்கோணம் எப்பவும் அடி கீழே, உச்சி மேலே, மூன்று பக்கமும் சமன். சதுரம் எப்பவும் நேராக நிற்கும். அதே சதுரத்தைக் கொஞ்சம் திருப்பி முனையில் நிறுத்தினால் "டயமன்" எண்டுவினம். நெதர்லாந்தைச் சேர்ந்த ஆசிரியத் தம்பதி பியர் வான் ஹீலே, டினா வான் ஹீலே இருவரும் 1957 இல் சமர்ப்பித்த ஆய்வுகளில் இதைத்தான் விளக்கினார்கள். வடிவ அறிவின் முதற்படியில் பிள்ளை தோற்றத்தை வைத்துத்தான் பெயர் சொல்லும். பக்கம் எத்தனை, கோணம் எப்படி எண்டு பார்ப்பது அடுத்த படி. வயது ஏறுவதால் மட்டும் அந்தப் படி ஏறுப்படாது, அதுக்கேற்ற அனுபவம் வேணும். ஒரே நிலையில் நிற்கிற நாலு படம் அந்த அனுபவத்தைத் தராது.

திண்மத்தில் இருந்து தொடங்க வேணும் என்பது புதுக் கதை இல்லை. கிண்டர்கார்ட்டன் என்ற பெயரையே தந்த ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் ஃபுரோபெல், 19ஆம் நூற்றாண்டிலேயே பிள்ளைகளின் கையில் முதலில் பந்தையும் உருளையையும் சதுரமுகியையும் குடுத்தார். தட்டையான ஓடுகள், குச்சிகள், புள்ளிகள் எல்லாம் அதுக்குப் பிறகுதான். மரியா மொன்டிசோரியும் பிள்ளையின் கண்ணைக் கட்டி, திண்மங்களைத் தடவி அடையாளம் காண வைத்தார். எங்கட ஊரில் பாலர் பாடசாலைக்கே 'மொன்டிசோரி' எண்டுதான் பெயர். பெயரை எடுத்தோம். அந்த மரத் திண்மங்களை எத்தனை இடத்தில் பிள்ளைகள் தொட்டிருக்குதுகள்?

அந்தப் பெட்டி விலைகூட எண்டு சொல்லலாம். எங்கட கேள்வி, அது தேவையா என்பதுதான். நெருப்புப்பெட்டி கனவுரு. பால்மாப் பேணி உருளை. திருவிழாவில் வாங்குற கச்சான் சரை கூம்பு. புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியும் கிட்டத்தட்டக் கூம்புதான், அதுவும் தட்டையான ஓலையில் இழைத்த கூம்பு. பேணியின் அடியில் சாயம் பூசித் தாளில் குத்தினால் வட்டம் விழும். பக்கத்தில் பூசி ஒரு சுற்று உருட்டினால் செவ்வகம் விழும். உருளைக்குள் இந்த ரெண்டும் ஒளிந்திருந்ததைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். சமைக்கும்போது கரட்டைக் குறுக்காக வெட்டிக் காட்டுங்கோ, வட்டம் வரும். சரித்து வெட்டினால் நீள்வட்டம். தளவுரு எங்க இருந்து வருகுது எண்டு அதுக்குப் பிறகு யாரும் விளக்கத் தேவையில்லை.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு ஆறு சமசதுர அட்டைத் துண்டுகள் குடுங்கோ. விளிம்போடு விளிம்பு பொருத்தி அவற்றை 35 விதமாக ஒட்டலாம். அதில் 11 மட்டும்தான் சதுரமுகியாக மடியும். ஆறையும் ஒரே வரிசையில் ஒட்டினால் ஏன் மடியாது எண்டு ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெடலாம். அந்த மினக்கெடல்தான் கணிதம்.

இது சின்னப் பிள்ளைகளோடு முடிகிற விஷயம் இல்லை. சாதாரண தரத்தில் கணிதம் கட்டாயப் பாடம். அங்க கூம்பின் வளைபரப்புக்கு 'பையை ஆரையாலும் சாய் உயரத்தாலும் பெருக்கு' எண்டு பாடமாக்குகிறோம். பிறந்தநாள் கூம்புத் தொப்பியைப் பக்கத்தால் வெட்டி விரித்தால் ஓர் ஆரைச்சிறை வரும். அதின்ர வில், தொப்பியின் அடிச் சுற்றளவு. அதின்ர ஆரை, தொப்பியின் சாய் உயரம். வில்லையும் ஆரையையும் பெருக்கிப் பாதியாக்கினால் அந்தச் சூத்திரம் தானாக வந்து நிற்கும். இன்னொன்று: ஒரே அளவான ரெண்டு ஏ4 தாளை எடுத்து, ஒன்றை நீளவாக்கிலும் மற்றதைக் குறுக்குவாக்கிலும் உருளையாகச் சுற்றி அரிசி போட்டுப் பாருங்கோ. தாளின் பரப்பளவு ஒன்றுதான். ஆனால் குட்டையான உருளை கிட்டத்தட்ட 1.4 மடங்கு கூடப் பிடிக்கும். பரப்பளவு வேற, கனவளவு வேற எண்டு பத்துத் தரம் எழுதினாலும் இந்த ஒரு பிடி அரிசி சொல்லுற அளவுக்குப் புரியாது.

இந்த அறிவு எங்கட சமூகத்தில் இல்லாமலும் இல்லை. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களைப் பாருங்கோ. மூங்கிலும் தாளும் நூலும் வைத்துத் திண்ம உருவங்களையே வானத்துக்கு ஏற்றுகினம். நாலு ஈர்க்கைச் சதுரமாகக் கட்டித் தள்ளினால் சரிந்து சாய்சதுரமாகும். மூலைவிட்டமாக இன்னொரு ஈர்க்கு கட்டினால் ரெண்டு முக்கோணமாகும், பிறகு அசையாது. பட்டம் கட்டுற கைக்கு இது தெரியும். ஆனால் அந்தக் கைகள் பெரும்பாலும் பொடியன்களின் கைகள்தான். பெட்டைப் பிள்ளைகளுக்கு முற்றத்துக் கோலம், அதுவும் தளத்தில். பிறகு "பெட்டையளுக்குத் திண்மப் படம் விளங்காது" எண்டு ஒரு கதையும் கட்டுவம். யாருக்கு எதைத் தொட விட்டம் எண்டு முதலில் பார்ப்பம்.

மறுபக்கமும் இருக்கு. ஒரு வகுப்பில் முப்பது, நாப்பது பிள்ளைகள். பாடத்திட்டம் முடிக்க வேணும். கொப்பியில் ஒன்றும் எழுதாட்டி "இன்றைக்கு என்ன படிப்பிச்சது?" எண்டு பெற்றோர் கேட்பினம். குறைஞ்ச சம்பளத்தில் வேலை செய்யுற பாலர் பாடசாலை ஆசிரியையின் தலையில் இதையும் கட்டிவிட்டு நாங்கள் கட்டுரை எழுதிக்கொண்டு இருக்கேலாது. சார்ட்டைக் கழற்றச் சொல்லவும் இல்லை. பெயர்கள் தேவை, படம் கீறத் தெரிவதும் தேவை, பரீட்சையில் திண்மம் படமாகத்தான் வரும். நாங்கள் கேட்பது வரிசையை மாற்றச் சொல்லித்தான். முதலில் கை, பிறகு முகம், பிறகு கீறல், கடைசியில் பெயர்.

இதை வாசிக்கிற உங்களில் கனபேர் அக்கா, அண்ணா, மாமா, சித்தி. சிலர் பின்னேர வகுப்பு எடுக்கிறீங்கள், சிலர் சனசமூக நிலையங்களில் நிற்கிறீங்கள். வீட்டில் வெறுமையாகிற பேணி, பெட்டி, தொப்பி எல்லாத்தையும் எறியாமல் ஒரு சாக்கில் சேருங்கோ. ஒரு மாதத்தில் பக்கத்துப் பாலர் பாடசாலைக்குக் குடுக்க ஒரு சாக்குத் திண்மம் இருக்கும். குடுத்துவிட்டு வராமல், ஒரு மணித்தியாலம் இருந்து பிள்ளைகளோடு அதுகளை வெட்டி விரித்துவிட்டும் வாங்கோ.