சோறு உடம்பில் எங்கே ஒட்டுகிறது?

“என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை” என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்வோம். தோட்டத்தில் வளர்ந்த என் காதில் இந்தப் பேச்சு விழாத நாளே இல்லை. சாப்பிட்டது உண்மையில் எங்கேதான் ஒட்டுகிறது? வயிற்றிலா, ரத்தத்திலா? இதற்கான பதிலில் நம் நெகிரி செம்பிலானுக்கும் பங்கு உண்டு.

முதலில் சோறு போகும் வழியைப் பார்ப்போம். செரித்த சோறு குளுக்கோஸாகி, சிறுகுடலின் உட்சுவர் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. அந்த ரத்தம் கல்லீரலுக்குப் போய், அங்கிருந்து இதயத்துக்கு வருகிறது. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு மறுபடி இதயத்துக்கு வந்து, பிறகு உடல் முழுவதும் பாய்கிறது. பெரியவர் ஒருவர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் ஒரு நிமிடத்தில் கிட்டத்தட்ட அவ்வளவையும் இறைத்துவிடுகிறது.

ஆனால் பெரிய குழாய்களில் கொடுக்கல் வாங்கல் எதுவும் நடப்பதில்லை. அது நடப்பது தந்துகி எனப்படும் மயிரிழைக் குழாய்களில். அவை மிகக் குறுகலானவை. சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்துத்தான் போக முடியும். சுவரோ ஒரே ஒரு செல் தடிமன். அதன் வழியே குளுக்கோஸும் ஆக்சிஜனும் வெளியேறித் திசுக்களைச் சேர்கின்றன. கரியமில வாயுவும் கழிவும் ரத்தத்துக்குத் திரும்புகின்றன. கொஞ்சம் நீரும் கசியும். அது மீண்டும் தந்துகிக்குள்ளோ நிணநீர்க் குழாய் வழியாகவோ ரத்தத்துக்கே வந்துவிடும்.

ரத்தம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. வந்த குளுக்கோஸைச் செல் எரித்துச் சக்தியாக்க வேண்டும். அதற்குத் தையமின் என்ற வைட்டமின் பி1 தேவை. அடுப்பும் விறகும் இருந்து தீப்பெட்டி இல்லாவிட்டால் உலை கொதிக்குமா? தையமின்தான் அந்தத் தீப்பெட்டி. ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம் போதும். ஆனால் உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான் வரும்.

அது தீர்ந்தால் வருவது பெரிபெரி. சிலருக்குக் கால் மரத்து நடை தளரும். சிலருக்குச் சிறு ரத்தக் குழாய்கள் விரிந்துவிட, இதயம் அளவுக்கு மீறி உழைத்துக் களைத்துப்போகும். தந்துகிகளில் கசியும் நீர் திரும்ப வழியில்லாமல் காலில் தேங்கும். வீங்கிய காலை விரலால் அழுத்தினால் குழி விழும்.

நூறாண்டுகளுக்கு முன் இந்த நாட்டின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் இந்த நோயில் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். அதே காலத்தில் தோட்டத் தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளை அரிசி; தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. 1907-இல் இதை அவர் நூலாகவே எழுதினார். ஆனால் வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகத்தான் அவர் நினைத்தார்.

அந்தக் கணக்கை நேர் செய்தவர்கள், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும். ஜெலுபு பக்கம் டுரியான் தீப்புஸ் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார்கள். சில மாதங்களில் வெள்ளை அரிசிப் பிரிவில் பெரிபெரி தலைகாட்டியது. வெள்ளை அரிசியில் நஞ்சு இல்லை, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்பது அவர்களின் தொடர் ஆய்வில் தெளிவானது. பின்னாளில் அந்தச் சத்துக்குத்தான் தையமின் என்று பெயர் வந்தது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது அது அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை.

இதற்காகத் தோட்டத்து வாழ்க்கை சுகமாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் நம்மவர்களை வாரிக்கொண்டு போயின. இந்த ஒரு நோயிலிருந்து மட்டும் புழுங்கல் சோறு காத்தது.

பழங்கதைதானே என்று விட்டுவிட முடியவில்லை. தையமின் குறைபாடு இன்றும் நம்மிடையே இருக்கிறது, குடியின் வழியாக. சம்சுவோ பீரோ, தினமும் குடிப்பவர் சோற்றைக் குறைத்துவிடுகிறார். சாப்பிடும் கொஞ்சத்தில் உள்ள தையமினையும் குடல் சரியாக உறிஞ்ச மதுவே தடையாகிறது. கால் வீக்கம், மூச்சு வாங்குதல், நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் என்று வரும்போது, “போதை இன்னும் தெளியவில்லை” என்று வீட்டில் படுக்க வைத்துவிடுகிறோம். மூளைக்குத் தையமின் போகாததன் அடையாளமாகவும் அது இருக்கலாம். நேரத்தோடு ஊசி போட்டால் பலர் தேறிவிடுவார்கள். தாமதமானால் ஞாபக சக்தி திரும்பாமலே போகலாம்.

அதனால் அப்படிப்பட்ட ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், அவர் குடிப்பவர் என்பதை மானம் போய்விடும் என்று மறைக்காதீர்கள். “தெம்பில்லை, குளுக்கோஸ் ஏற்றுங்கள்” என்று மட்டும் கேட்டால் ஆபத்து. தையமின் இல்லாத உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், மிச்சமிருக்கும் கொஞ்ச தையமினும் தீர்ந்து நிலைமை மோசமாகலாம். விஷயம் தெரிந்தால் மருத்துவர் தையமினையும் சேர்த்துக் கொடுப்பார்.

கால் வீக்கத்துக்குச் சிறுநீரகம், இதயம் என்று வேறு காரணங்களும் உண்டு. எதுவானாலும் கிளினிக்கில் காட்டிவிடுங்கள். சமையலைப் பொறுத்தவரை, அரிசியைப் பலமுறை கசக்கிக் கழுவினால் தையமின் நீரோடு போகும். வடித்துக் கொட்டும் கஞ்சியிலும் போகும். பருப்பு, பச்சைப்பயறு, வேர்க்கடலை போன்றவற்றில் அது தாராளமாக இருக்கிறது. பசியாற வெறும் ரொட்டியும் தேநீருமாக ஓடும் இளைஞர்கள், வாரத்தில் சில நாள் அவித்த பயறும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பலாமே.