கொட்டகைக்குக் கீழே என்ன மண்?

வீட்டுக்குப் பின்னால் சாமான் கொட்டகை போட அப்பா திட்டமிடுகிறாரா? "சிமெண்டைத் தடிப்பாக ஊற்றினால் போதும்" என்று யாராவது சொன்னால், பரப்பு எவ்வளவு என்று கேளுங்கள். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுப்பதுதானே? சாமான்களோடு 600 கிலோ எடையுள்ள கொட்டகை, 10 சென்டிமீட்டர் சதுரக் கால்கள் நான்கில் நின்றால், மண்மீது ஏறத்தாழ 150 கிலோபாஸ்கல் அழுத்தம். கிள்ளான் கரையோரத்து மென்களிமண் அதில் பாதியைத் தாங்குவதே சிரமம். ஒவ்வொரு காலுக்கும் அடியில் 30 சென்டிமீட்டர் சதுரக் கல் வையுங்கள். அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும்!

ஆனால், புல்லையும் வேர்மண்ணையும் வெட்டி எடுக்காமல் கல்லை வைப்பது வீண். அவை மக்கி அமிழும்போது கொட்டகையும் சாயும். என்னைக் கேட்டால், மண்வெட்டி வேலைதான் பாதி அஸ்திவாரம்.

பழைய கம்பத்து வீடுகளின் தூண்களைப் பாருங்கள். அவையும் கல்லின்மேல்தான் நிற்கின்றன. ஈரமண்ணைத் தொடாத மரம் எளிதில் உளுத்துப் போவதில்லை.