காலி தோட்டா கையில் இருந்தாலே கைதா? சட்டம் சொல்வது என்ன?

மூங்கில்துறைப்பட்டு பக்கம் பழைய இரும்புக் கடைக்கு வரும் பித்தளையில் ஒரு காலி தோட்டா உறை கிடந்தால்? கல்வராயன் மலைப் பகுதிக்கு நாட்டுத் துப்பாக்கி வழக்குகள் புதிதல்ல. அதனால் பயம் வரத்தான் செய்யும்.

உண்மையில், குழாய் வாய் வழியே மருந்தும் ஈயக் குண்டும் திணிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்குப் பித்தளை உறையே தேவையில்லை. ரைஃபிளுக்குத்தான் அது வேண்டும். சுட்டதும் உறை விரிந்துவிடும். அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நீண்டுபோன கழுத்தை வெட்டி, புது கேப் பொருத்தினால் மறுபடியும் தோட்டா செய்யலாம். அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் பலர் வீட்டிலேயே செய்கிற வேலை இது.

இங்கே அப்படி இல்லை. 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டாவின் பாகங்களும், தயாரிக்கும் இயந்திரமும்கூட தோட்டா கணக்குதான். உரிமம் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை.

அப்போ வெறும் உறை? மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாத சிறு பாகங்களுக்கு 45-வது பிரிவு விலக்கு தருகிறது. தெரிந்தே வைத்திருந்தாரா என்பதும் முக்கியம். 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் வழக்கு பதிவான பிறகு வக்கீல் எடுத்து வைக்கும் வாதங்கள்.

எனவே உறை கண்ணில் பட்டால் தட்டிப் பார்க்காதீங்க, உருக்காதீங்க. கேப் வெடிக்காமல் மிச்சம் இருக்கலாம். காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.