உபகாரமா? உரிமையா?

சிகாகோ என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? 1893-ஆம் ஆண்டு சர்வ சமயப் பேரவையில் சுவாமி விவேகானந்தர் ஆற்றிய சொற்பொழிவு நினைவுக்கு வரும். 1886-இல் எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர் திரண்டதும், மே தினம் பிறந்ததும் நினைவுக்கு வரும். விண்ணை முட்டும் 110 மாடிக் கட்டடத்தைப் படத்தில் பார்த்தவர்களும் நம்மில் உண்டு. ஆனால் அந்த மாநகரில் குப்பையை அள்ளுவது யார் பொறுப்பு, வேலை கொடுப்பது யார், நீதிபதியைத் தேர்ந்தெடுப்பது யார் என்று நாம் கேட்பதில்லை. "அதெல்லாம் அரசியல், பெண் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று சொல்வோர் இன்றும் உண்டு. அவர்களுக்குப் பதிலாக ஒரு பெண்மணியின் கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்நகரின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். ஏறக்குறைய 27 லட்சம் மக்கள் வாழும் சிகாகோ, 50 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வார்டுக்கு ஒருவராக 50 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களை 'ஆல்டர்மன்' என்பது பழைய வழக்கம். இவர்கள் கூடுவதே மாநகர மன்றம். மேயரையும் மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இருவகைப் பதவிக்கும் காலம் நான்கு ஆண்டுகள். மேயர் வரவு செலவுத் திட்டத்தை முன்வைப்பார். காவல்துறைத் தலைவர் முதலிய அதிகாரிகளை நியமிப்பார். மன்றம் அவற்றை ஏற்க வேண்டும். ஏட்டில் இவ்வளவுதான். நடைமுறையோ வேறு. ஒரு வார்டுக்குள் கடை வைக்க, கட்டடம் கட்ட, நிலத்தின் பயன்பாட்டை மாற்ற, அந்த வார்டு உறுப்பினரின் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது என்பது அங்கே எழுதப்படாத சட்டமாக நெடுங்காலம் இருந்து வந்தது.

இனிக் கதைக்கு வருவோம். 1889-இல் ஜேன் ஆடம்ஸ் என்ற பெண்மணி தம் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்பவருடன் சிகாகோவின் ஏழை எளியோர் வாழ்ந்த பகுதியில் 'ஹல் இல்லம்' என்ற சேவை நிலையத்தைத் தொடங்கினார். சுற்றிலும் வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பங்கள். தெருவெல்லாம் குப்பை, வீட்டுக்கு வீடு நோய். குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரர்கள் பணம் வாங்கினார்களே தவிர, குப்பையை வாங்கிச் செல்லவில்லை. 1895-இல் ஜேன் ஆடம்ஸ் அந்த வார்டின் குப்பைக் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார். அதிகாலையில் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னாலேயே நடந்து, அவை ஒழுங்காகச் செல்கின்றனவா என்று பார்த்தார். ஒரு குறுகிய தெருவில் குப்பையைத் தோண்டத் தோண்ட, பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே கல் பாவிய தளம் வெளிப்பட்டதாம்! அப்படி ஒரு தளம் இருந்ததே அங்குள்ளோருக்குத் தெரியாது.

அந்த வார்டின் ஆல்டர்மன் ஜானி பவர்ஸ் என்பவர். நகரின் செல்வாக்கு மிக்க அரசியல்வாதிகளில் ஒருவர். அவரை மாற்றினால் வார்டு திருந்தும் என்று நம்பிய ஜேன் ஆடம்ஸ், 1896-இலும் 1898-இலும் அவரை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். இரண்டு முறையும் பவர்ஸ் எளிதாக வென்றார். ஏன்? அந்த மக்கள் அறிவற்றவர்களா? இல்லை என்று ஜேன் ஆடம்ஸே எழுதினார். வாடகை கட்ட முடியாதவனுக்குப் பவர்ஸ் வாடகை கொடுப்பார். மகன் சிறைப்பட்டால் ஜாமீன் எடுப்பார். வேலையில்லாதவனுக்கு வேலை வாங்கித் தருவார். சாவு வீட்டுக்கு வண்டி அனுப்புவார். கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வீடு வான்கோழி! இப்படிப்பட்ட மனிதருக்கு வாக்களிக்காமல் யாருக்கு வாக்களிப்பார்கள்?

தோழியரே, இங்கேதான் நான் சிறிது நின்று யோசித்தேன். பசித்தவனுக்கு உணவு தருவது தவறா? தவறில்லை. ஆனால் அந்த வார்டில் குப்பை அள்ளுவதற்கு மக்கள் வரி கட்டியிருந்தார்கள். அது அவர்களுக்கு உரியது. உரியது கிடைக்கவில்லை, உரிமை இல்லாத வான்கோழி கிடைத்தது. வான்கோழிக்கு நன்றி சொன்ன வாய், குப்பையைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டது. உரிமையை எடுத்துக்கொண்டு உபகாரத்தைத் திருப்பித் தருவதுதான் இந்த அரசியலின் சூட்சுமம்.

இந்தச் சூட்சுமத்தை ஒரு பெரும் இயந்திரமாகவே இயக்கிக் காட்டியவர், 1955 முதல் 1976-இல் தாம் இறக்கும் வரை மேயராக இருந்த ரிச்சர்டு ஜே. டேலி. அவர் மேயர் மட்டுமல்லர். தம் கட்சியின் மாவட்டத் தலைவரும் அவரே. நகரத்தில் பல்லாயிரம் அரசு வேலைகள் கட்சிக்காரர்களுக்கே கிடைத்தன. வேலை பெற்றவர் தம் தெருவில் வீடு வீடாகச் சென்று வாக்குச் சேர்க்க வேண்டும். வாக்குக் குறைந்தால் வேலைக்கு ஆபத்து. "ஆனாலும் அவர் காலத்தில் நகரம் ஒழுங்காக நடந்ததே! சாலைகள் வந்தன, விமான நிலையம் வளர்ந்ததே!" என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான். ஆனால் ஒருவன் தன் பிழைப்புக்காக வாக்களிக்கும்போது அவன் வாக்கு அவனுடையது ஆகுமா?

இந்தக் கேள்வியைத்தான் மைக்கேல் ஷாக்மன் என்ற வழக்கறிஞர் 1969-இல் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றார். அவர் ஒரு தேர்தலில் நின்று தோற்றவர். அரசு ஊழியரைக் கட்சி வேலைக்குப் பயன்படுத்தினால் எதிர்த்து நிற்பவனுக்கு நியாயம் எங்கே என்பது அவர் வாதம். அதன் பயனாக 1972-இல் அரசியல் காரணத்துக்காக ஊழியரை நீக்கக் கூடாது என்றும், 1983-இல் அரசியல் காரணத்துக்காக வேலையில் சேர்க்கவும் கூடாது என்றும் நகர நிர்வாகம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதால் எல்லாம் தீர்ந்துவிட்டதா? 2006-இல்கூட, வேலை நியமனங்களில் மோசடி செய்ததற்காக மேயர் அலுவலக அதிகாரி ஒருவர் தண்டிக்கப்பட்டார். நகரம் நீதிமன்றக் கண்காணிப்பிலிருந்து விடுபட்டது 2014-இல்தான். ஒரு கெட்ட வழக்கத்தை மாற்ற ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று!

"அப்படியானால் நீதிமன்றம்தான் மக்களுக்குக் காவல்" என்று முடித்துவிடலாமா? அதுவும் இயலாது. சிகாகோவில் இருவகை நீதிமன்றங்கள் உள்ளன. ஒன்று, இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த குக் மாவட்ட நீதிமன்றம். திருட்டு, கொலை, வாடகை, விவாகரத்து முதலிய அன்றாட வழக்குகள் இங்கேதான் வரும். இதன் நீதிபதிகளில் பெரும்பாலோர் கட்சிகளின் சார்பில் தேர்தலில் நின்று வருபவர்கள். ஆறு ஆண்டுகளுக்கு ஒரு முறை "இவர் தொடரலாமா?" என்று மக்களிடம் கேட்கப்படும், நூற்றுக்கு அறுபது பேர் "ஆம்" என்றால் தொடரலாம். மற்றொன்று, மத்திய அரசின் நீதிமன்றம். இதன் நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் செனட் சபையின் ஒப்புதலோடு ஆயுள் காலத்துக்கு நியமிக்கிறார்.

1980-களில் மத்தியப் புலனாய்வுத் துறை 'கிரேலார்டு' என்ற பெயரில் ஒரு விசாரணை நடத்தியது. இளம் வழக்கறிஞர் ஒருவர் லஞ்சம் கொடுப்பவர்போல் நடித்தார். ஒரு நீதிபதியின் அறைக்குள்ளேயே ஒலிப்பதிவுக் கருவி வைக்கப்பட்டது. வெளிவந்த உண்மை உலகையே திடுக்கிட வைத்தது. குக் மாவட்ட நீதிமன்றத்தில் பணத்துக்குத் தீர்ப்பு விற்கப்பட்டு வந்திருக்கிறது! 15 நீதிபதிகளும், அவர்களோடு வழக்கறிஞர்கள், காவலர்கள், நீதிமன்ற ஊழியர்கள் எனப் பலரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. ஆராய்ச்சி மணியைக் கட்டியவனே அதன் நாவைக் கழற்றி விற்றால் பசு எங்கே போய் முறையிடும்?

நீதிபதிகளைத் தேர்தலில் நிறுத்துவதே தவறு என்கிறார்கள் சிலர். நியமனமும் ஒருவர் கையில்தானே இருக்கிறது என்கிறார்கள் வேறு சிலர். என் கருத்து இது: தேர்தலானாலும் நியமனமானாலும், தன்னைத் தானே தணிக்கை செய்யும் அமைப்பு எதுவும் நேர்மையாக நீடிப்பதில்லை. மாவட்ட நீதிமன்றத்தின் அழுக்கை மத்திய அரசு வெளியே கொண்டு வந்தது. நகர நிர்வாகத்தின் அழுக்கை நீதிமன்றம் கண்டித்தது. ஆனால் இந்த இரண்டையும் கவனிக்க வேண்டிய மக்கள் என்ன செய்தார்கள்? அம்மாவட்டத் தேர்தலில் ஐம்பது, அறுபது நீதிபதிகளின் பெயர்கள் வரிசையாக வாக்குச் சீட்டில் இருக்கும். அவர்களைப் பற்றி விசாரித்து அறிந்து வாக்களிப்போர் எத்தனை பேர்? 1990-க்குப் பிறகு 2018 வரை ஒரு நீதிபதியைக்கூட மக்கள் "வேண்டாம்" என்று சொல்லவில்லை!

ஆனால் மக்கள் விழித்துக்கொண்டால் எந்த இயந்திரமும் நிற்காது என்பதற்கும் சிகாகோவே சாட்சி. 1979 ஜனவரியில் அங்கே பெரும் பனி கொட்டியது. தெருக்கள் மூடின, இரயில்கள் தடுமாறின, நிர்வாகம் செயலற்று நின்றது. அடுத்த மாதமே நடந்த கட்சியின் உள்தேர்தலில் பதவியிலிருந்த மேயரை மக்கள் தோற்கடித்தார்கள். வென்றவர் ஜேன் பைர்ன். அவரே சிகாகோவின் முதல் பெண் மேயர். 1983-இல் ஹெரால்டு வாஷிங்டன் முதல் கறுப்பின மேயரானார். மன்றத்தில் 29 பேர் அவரை எதிர்த்து நின்றார்கள். ஆதரித்தவர் 21 பேர். கறுப்பினத்தாரும் லத்தீன் அமெரிக்க வம்சத்தினரும் வலுவிழக்கும்படி வார்டு எல்லைகள் வகுக்கப்பட்டிருந்ததை நீதிமன்றம் கண்டித்ததால், 1986-இல் ஏழு வார்டுகளில் மறுதேர்தல் நடந்தது. மன்றம் 25-க்கு 25 என்று சமமாயிற்று. மேயரின் வாக்கு முடிவு செய்யும் வாக்காயிற்று. எல்லைக் கோடு ஒன்றை எங்கே போடுவது என்பதில்கூட எவ்வளவு பெரிய நீதி அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

இன்னும் எல்லாம் சீராகிவிடவில்லை. 1970-களிலிருந்து 30-க்கும் மேற்பட்ட ஆல்டர்மன்கள் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டிருக்கிறார்கள். 54 ஆண்டுகள் மன்றத்தில் இருந்த ஒருவர் 2023 டிசம்பரில் அந்த வரிசையில் சேர்ந்தார்.

ஜேன் ஆடம்ஸ் கதையின் முடிவைச் சொல்ல மறந்துவிட்டேனே! பவர்ஸிடம் தோற்றதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. அவரும் ஹல் இல்லத்துத் தோழியரும் மற்றப் பெண்கள் சங்கத்தாரும் பாடுபட்டதன் பயனாக, 1899-இல் குக் மாவட்டத்தில் சிறுவர் நீதிமன்றம் தோன்றியது. நாட்டிலேயே அதுதான் முதலாவது. 1913-இல் இல்லினாய் மாநிலப் பெண்கள் நகரத் தேர்தல்களில் வாக்குரிமை பெற்றார்கள். 1931-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஜானி பவர்ஸை எதிர்த்து அவர் பாடுபட்டபோது அந்தத் தேர்தலில் அவருக்கு வாக்குரிமையே இல்லை என்பதை நாம் மறக்கக் கூடாது.

கடைசியாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தலைவி தேர்தலில் நான் யாருக்கு வாக்களித்தேன் தெரியுமா? கணக்கு வீட்டுப் பாடத்தைப் பார்த்து எழுத எனக்கு நோட்டுக் கொடுத்த தோழிக்கு! அவள் தலைமைக்குத் தகுதியானவளா என்று நான் ஒரு கணமும் எண்ணவில்லை. எனக்கு ஒரு நோட்டு. சிகாகோக்காரருக்கு ஒரு வான்கோழி. பெரிய வேறுபாடு ஒன்றும் இல்லையே! இவ்வாண்டு தேர்தலுக்கு முன் போட்டியிட்ட இருவரிடமும் சென்று, "வகுப்புக்கு என்ன செய்வாய்?" என்று கேட்டேன். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி கோபித்தாள். கோபித்தவள் மறுநாள் ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதிக்கொண்டு வந்தாள். அவளுக்கே வாக்களித்தேன்.

பதினெட்டு வயதில் நம் கைக்கு வாக்குச் சீட்டு வரும். கேட்கும் பழக்கமோ அன்று ஒரே நாளில் வந்துவிடாது. அதை இப்போதே, இந்த வகுப்பறையிலேயே பழகிக்கொள்வோம், தோழியரே! உபகாரத்துக்கு நன்றி சொல்வோம். உரிமையை மட்டும் கேட்டுப் பெறுவோம்.