வாள் பழகுவோரும் கணுக்கால் சுளுக்கும்: கற்பித்தலில் ஒரு விடுபடல்

வாள்வீச்சு கற்கச் சேரும் ஒருவர் முதல் நாளில் அஞ்சுவது வாளுக்கு. அந்த அச்சத்துக்கு வரலாறு இல்லாமல் இல்லை. 1982இல் ரோம் நகரில் நடந்த உலக வாகையர் போட்டியில் மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேர் பிடித்திருந்த ஃபாயில் வாள் முறிந்து, அதன் முனை சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவின் முகக்கவசத்தைத் துளைத்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்றிருந்த ஸ்மிர்னோவ் சில நாட்களில் இறந்தார். வாளின் எஃகு, கவசத்தின் வலை, உடையின் துணி ஆகியவற்றுக்கான விதிகள் அதன் பிறகே கடுமையாயின. இன்று பன்னாட்டுப் போட்டிகளில் அணியும் மேலுடை 800 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். முகக்கவசத்தோடு சேர்ந்த கழுத்துத் துணி 1600 நியூட்டனைத் தாங்க வேண்டும். கணுக்காலுக்கு மட்டும் கவசம் ஏதும் இல்லை.

காயமோ பெரும்பாலும் காலில்தான் வருகிறது. அமெரிக்காவின் தேசிய அளவிலான வாள்வீச்சுப் போட்டிகளை 2001 முதல் 2006 வரை தொடர்ந்து கவனித்த பீட்டர் ஹார்மர், ஆட்டத்தைத் தொடர முடியாதபடி செய்யும் காயங்கள் 1000 பங்கேற்புக்கு 0.3 என்ற அளவிலேயே நிகழ்கின்றன என்று கண்டார். மிகக் குறைந்த விகிதம் இது. அவற்றிலும் வாள் குத்திய காயங்கள் அரிது. முழங்கால், கணுக்கால், தொடை ஆகியவையே முன்னிற்கின்றன. ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு வாள்வீச்சு பாதுகாப்பான விளையாட்டு என்று விளம்பரம் செய்வோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அது போட்டிக்கு வந்தவர்களின் கணக்கு. ஐந்தாவது வாரத்திலேயே கால் பிசகி, வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டவர் எந்தப் போட்டியின் மருத்துவக் குறிப்பேட்டிலும் இடம்பெறுவதில்லை.

தொடக்கநிலையாளரின் கால் ஏன் பிசகுகிறது என்பதற்கு விளையாட்டின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. நிற்கும் நிலையே இயல்புக்கு மாறானது: முன்பாதம் எதிராளியை நோக்கியும் பின்பாதம் அதற்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும், இரு முழங்கால்களும் மடங்கியிருக்க வேண்டும். லஞ்ச் எனப்படும் முன்பாய்ச்சலில் உடலின் எடை முழுவதும் ஒற்றைக் காலில் இறங்குகிறது. முழங்கால் பாதத்தின் திசையிலேயே மடங்க வேண்டும். குதிகால் முதலில் தரை தொட வேண்டும். புதிதாகப் பழகுபவரின் கண்ணோ வாள்முனையில் இருக்கிறது. முழங்கால் உட்புறம் சாய்வதையும், பின்வாங்கும்போது பாதம் வெளிவிளிம்பில் புரள்வதையும் அவர் உணர்வதற்குள் கணுக்காலின் வெளிப்புறத் தசைநார் இழுபட்டுவிடுகிறது. வழுவழுப்பான டைல்ஸ் பதித்த மண்டபத்தில், ஓடுவதற்கென்று வாங்கிய குதி உயர்ந்த காலணியோடு பயின்றால் கேட்கவே வேண்டாம்.

சான்பாடாவில் நால்வரோடு ஒரு வாடகை வீட்டைப் பகிர்ந்துகொண்டு, ஹார்பர் வழித்தட ரயிலில் கோவண்டிக்கோ குர்லாவுக்கோ நாள்தோறும் சென்றுவரும் 28 வயது ஆய்வு மாணவி ஒருவர் இப்படிக் காயப்பட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். பள்ளிச் சிறுவர்களுக்கு நடுவே, வகுப்பிலேயே மூத்தவராகக் கூச்சத்தோடு நின்று பழகியவர் அவர். வீங்கிய காலோடு அவர் முதலில் எதிர்கொள்வது சான்பாடா நிலையத்தின் படிக்கட்டுகளை. அடுத்து, வாஷியில் முண்டியடித்து ஏறும் கூட்டத்தை. வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னால் கிடைப்பது அக்கறையும் கண்டனமும் கலந்த ஒரு சொல்: படிக்கப் போன இடத்தில் இந்த வயதில் இதெல்லாம் எதற்கு? நெறியாளரிடம் சொல்லவே தயங்குவார். காய்ச்சல் என்று விடுப்புக் கேட்கலாம். வாள் வீசிக் கால் சுளுக்கிக்கொண்டது என்று கேட்பது எப்படி? தேசிய அணியில் இருப்பவருக்கு மருத்துவரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் உடனிருப்பார்கள். இவருக்கு இருப்பது கைப்பேசித் தேடலும் அறைத்தோழியின் வலிநிவாரணக் களிம்பும்.

அறிவுரைகளுக்கும் பஞ்சமில்லை. சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் விட்டு நீவச் சொல்வது மும்பைத் தமிழ்க் குடும்பங்களிலும் மாறாத வழக்கம். புதிதாகக் கிழிந்த தசைநாரை முதல் இரண்டு மூன்று நாட்களில் அழுத்தி நீவுவது உள்ளே கசியும் குருதியைக் கூட்டும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. நவீன அறிவுரையும் நிலையாக நின்றதில்லை. ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, காலை உயர்த்திவைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978இல் ஒரு சூத்திரமாகத் தந்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமடைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் எழுதியவரும் அவரே. 2019இல் துபுவா, எஸ்கூலியே என்னும் இரு இயன்முறைச் சிகிச்சையாளர்கள் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ இதழின் வழியாக முன்வைத்த அணுகுமுறை வேறு: முதல் சில நாட்கள் காலைக் காக்க வேண்டும், பிறகு வலி அனுமதிக்கும் அளவுக்குப் படிப்படியாக எடையேற்ற வேண்டும், இயங்க வேண்டும். காயப்பட்டவரின் நம்பிக்கையையும் அவர்கள் சிகிச்சையின் ஒரு கூறாகவே சேர்த்தார்கள். எலும்பு முறிவா என்று ஐயம் எழுந்தால் 1992இல் கனடாவின் ஒட்டாவா நகரில் வகுக்கப்பட்ட எளிய சோதனை இன்றும் பயன்படுகிறது. காயம்பட்ட உடனேயும் மருத்துவரிடம் வந்த பிறகும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பு முகட்டின் பின்விளிம்பில் அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வாள் பிடிக்கும் முறையோடு இதையும் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.

சொல்லிக்கொடுப்பதில்லை. கால் பிசகியவருக்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில், குணமானதும் வரலாம் என்பதே. அன்போடு சொல்லப்படும் சொல்தான். ஆனால் உண்மையில் அது ஒரு வெளியேற்றம். ஆறு வாரம் கழித்து வருபவரின் கால் வலுவிழந்திருக்கும்; உடன் சேர்ந்தவர்கள் வெகுதூரம் போயிருப்பார்கள். அவர்களை எட்டிப் பிடிக்கும் அவசரத்தில் அதே கணுக்கால் மீண்டும் புரளும். அல்லது அவர் வரவே மாட்டார். கட்டணம் போனது போகட்டும் என்று விட்டுவிடுவார். முதிர்ந்த வயதில் ஒரு விளையாட்டைத் தொடங்குவோர் பாதியில் விலகுவதை ஆர்வக்குறைவு என்று கணக்கெழுதுவது நியாயமில்லை.

காலில்லாமல் வாள்வீச்சு இல்லை என்பார்கள். அதற்கு மறுமொழி இந்த விளையாட்டின் வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காக இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தொடங்கிய விளையாட்டு மரபில் சக்கர நாற்காலி வாள்வீச்சும் வளர்ந்தது. 1960 ரோம் பாராலிம்பிக்கிலேயே அது இடம்பெற்றது. நாற்காலிகள் ஒரு சட்டத்தில் பொருத்தப்பட்டு அசையாமல் நிற்கும். இருக்கையைவிட்டு எழக் கூடாது. முன்னே பாயவோ பின்னே விலகவோ வழியில்லாததால் எல்லாம் கைவேகத்திலும் கணிப்பிலும் உடற்பகுதியின் சாய்விலும்தான் இருக்கிறது. ஹங்கேரியின் பால் செகெரெஷ் 1988 சோல் ஒலிம்பிக்கில் ஃபாயில் அணிப் பிரிவில் வெண்கலம் வென்றவர். 1991இல் பேருந்து விபத்தில் சிக்கினார். 1992 பார்சிலோனா பாராலிம்பிக்கில் சக்கர நாற்காலியில் அமர்ந்து தங்கம் வென்றார். கால் இயங்காத நிலையிலும் வாளறிவு எவ்வளவு எஞ்சுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆறு வாரச் சுளுக்கோடு இருப்பவருக்குப் பிடியும், தடுப்பும், தடுத்த கையோடு திருப்பித் தாக்கும் முறையும் நாற்காலியில் அமர்த்தி ஏன் கற்பிக்கக் கூடாது? நின்று பழகும்போது காலைப் பற்றிய கவலையில் கை செய்யும் பிழைகள் மறைந்துவிடுகின்றன. அமர்ந்தால் அவை அத்தனையும் வெளிச்சத்துக்கு வரும்.

இந்த இடத்தில் பவானி தேவியின் பெயர் எழாமல் இருக்காது. சென்னை வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்து, ஒலிம்பிக் வாள்வீச்சில் பங்கேற்ற முதல் இந்தியரானவர் அவர். டோக்கியோவில் 2021 ஜூலை 26 அன்று துனிசியாவின் நாதியா பென் அசீசியை 15-3 என்று வென்று, அடுத்த சுற்றில் பிரான்ஸின் மனோன் புருனேயிடம் 7-15 என்று தோற்றார். 2023இல் ஆசிய வாகையர் போட்டியில் வெண்கலம் பெற்றார். அவருடைய கதையை வலியைப் பொறுத்துக்கொள்ளும் கதையாகவே நம் மேடைகள் சொல்லிவருகின்றன. தொடக்கநிலையாளரிடம் அதைச் சொல்வது ஆபத்தானது; பிசகிய காலோடு அடுத்த நாளே வகுப்புக்கு வர அது தூண்டும். அக்கதையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2004இல் பள்ளியில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் வாள்வீச்சுக்கு வந்த அச்சிறுமி முதலில் பழகியது மூங்கில் கழியைக் கொண்டு. வாள் விலை அதிகம், எளிதில் முறியும், ஆகவே பயிற்சிக்குக் கழி, போட்டிக்கு வாள். வாள் இல்லை என்பதற்காக யாரும் அவரை வாள் வந்தபின் வா என்று திருப்பி அனுப்பவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு தலசேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்துக்குச் சென்றதால் தங்குமிடமும் முறையான பயிற்சியும் கிடைத்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தனிமனிதப் பிடிவாதம் மட்டுமே அவரை டோக்கியோவுக்குக் கொண்டுபோகவில்லை.

வாளுக்குப் பதிலாகக் கழியை ஏற்றுக்கொண்ட பயிற்றுமுறைக்கு, காலுக்குப் பதிலாக நாற்காலியை ஏற்றுக்கொள்வது கடினமாக இருக்கக் கூடாது. பயிற்றுநர் ஒருவரே இருபது பேரைக் கவனிக்கும் வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காயம்பட்ட ஒருவரோடு பத்து நிமிடம் எதிரே அமர, பயிற்றுநரே வேண்டும் என்பதில்லை. ஓராண்டு பழகிய மாணவர் போதும். அவருக்கும் அது பாடம். பல்கலைக்கழக உடற்கல்வித் துறைகள் இதைத் தங்கள் பாடத்திட்டத்தில் எழுதிவைத்தால், சான்பாடாவிலிருந்து நொண்டியபடி வரும் அந்த மாணவிக்குத் தேவைப்படுவது இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும், அவை நகராதபடி கால்மாட்டில் வைக்க இரண்டு மணல் மூட்டைகளும்தான். முகக்கவசத்தை மட்டும் அமர்ந்திருந்தாலும் கழற்றக் கூடாது.