ஓப்பன் சோர்ஸ்னா ஓசி இல்ல; காசு வாங்கினா துரோகமும் இல்ல!



அரசு வாங்குற மென்பொருள் பத்திப் பேச்சு வந்தாலே நம்ம ஆட்கள் ரெண்டு அணியாப் பிரிஞ்சிடுறாங்க. "லினக்ஸ் சும்மா கிடைக்குது, எதுக்கு வரிப்பணத்தை லைசென்ஸுக்குக் கொட்டணும்?" இது ஒரு அணி. "சும்மா கிடைக்கிறதை நம்பி அரசாங்கம் நடத்த முடியுமா? நாளைக்கு நின்னுபோனா யாரைப் போய்க் கேக்குறது?" இது இன்னொரு அணி.

ரெண்டு கேள்வியும் நியாயம்தான். ஆனா ரெண்டுமே ஒரே தப்பான கணக்குல இருந்து ஆரம்பிக்குது: திறந்த மூலம்னா இலவசம், வணிகம்னா பூட்டினது. நிஜத்துல இந்த ரெண்டும் கால் நூற்றாண்டுக்கும் மேலா ஒரே வீட்டுல குடித்தனம் நடத்துது. என்ன நிபந்தனையில நடத்துதுங்கிறதைத்தான் நாம பாக்கணும்.

*ஒரே நிரல், ரெண்டு உரிமம்*

நம்மில் பலர் காலேஜ் லேப்ல மைஎஸ்க்யூஎல் போட்டு மினி ப்ராஜெக்ட் முடிச்சவங்க. அது எப்படிச் சம்பாதிச்சதுன்னு எந்த சிலபஸ்லயும் சொல்லித்தரல.

1995-ல ஸ்வீடன்ல தொடங்கின அந்தக் கம்பெனி, 2000-ல தன் மென்பொருளை ஜிபிஎல் உரிமத்துக்குக் கொண்டுவந்தது. யாரும் எடுக்கலாம், மாத்தலாம், பயன்படுத்தலாம். ஆனா அதை உங்க மென்பொருளோட இணைச்சு மத்தவங்களுக்குக் கொடுத்தா, உங்க நிரலையும் அதே உரிமத்துல திறந்து வைக்கணும். "எங்க நிரலைத் திறக்க மாட்டோம்"னு சொல்ற கம்பெனிக்கு அதே சரக்கு வணிக உரிமத்துல கிடைக்கும், காசு கொடுத்தா. இதைத்தான் இரட்டை உரிமம்னு சொல்றோம். பகிர்ந்துக்கிறவனுக்கு இலவசம், பூட்டி வைக்கிறவனுக்கு விலை. இதுல என்ன அநியாயம்?

வேற வழிகளும் இருக்கு. ரெட் ஹேட் நிரலுக்குக் காசு வாங்கல. பராமரிப்புக்கும் பாதுகாப்பு அப்டேட்டுக்கும் சந்தா வாங்கிச்சு. அந்தக் கம்பெனியை 2019-ல ஐபிஎம் 34 பில்லியன் டாலருக்கு வாங்கிச்சு. நம்ம நாட்டுலயே மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனம், கணக்கு வழக்கு, சரக்கு இருப்பு எல்லாம் பாக்குற ஈஆர்பிநெக்ஸ்ட்டை ஜிபிஎல் உரிமத்துல திறந்தே வெச்சிருக்கு. சர்வர்ல ஏத்தி நடத்தித் தர்றதுக்குக் கட்டணம் வாங்குது.

*காசே வேண்டாம்னா என்ன ஆகும்?*

"திறந்த மூலத்துல எதுக்குங்க வியாபாரம்?"னு கேக்குறவங்களுக்கு 2014 ஏப்ரல் ஞாபகம் இருக்கணும். ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியான மாசம். உலகத்தோட பாதுகாப்பான இணையதளங்கள்ல பெரும்பகுதி ஓப்பன்எஸ்எஸ்எல்லை நம்பித்தான் ஓடிச்சு. அந்தத் திட்டத்துக்கு அப்போ வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமா வேலை பாத்தவர் ஒரே ஒருத்தர். அந்த நிரலை வெச்சுக் கோடி கோடியாச் சம்பாதிச்ச கம்பெனிகள், சர்வர்லருந்து ரகசியச் சாவிகள் கசியலாம்னு தெரிஞ்ச பிறகுதான் லினக்ஸ் ஃபவுண்டேஷன் மூலமா நிதி ஒதுக்கினாங்க.

ஆக, "இலவசம்"ங்கிறது செலவே இல்லைங்கிற அர்த்தம் கிடையாது. அந்தச் செலவை எங்கேயோ ஒருத்தர் தன் தூக்கத்தை விட்டுக் கட்டுறாருன்னு அர்த்தம்.

*ஊர் இழுத்த தேருக்கு ஒருத்தர் பூட்டு போட்டா?*

இப்போ அடுத்த பக்கம். வியாபாரம் சேந்தா எல்லாம் சுபமா? இல்லை.

கிளவுட்ல சர்வர்களை அமைக்கிறவங்களுக்கு டெர்ராஃபார்ம் நல்லாத் தெரியும். பல வருஷமா திறந்த உரிமத்துல இருந்துச்சு. வெளியாட்கள் நிறைய பேர் அதுக்காக உழைச்சாங்க. 2023 ஆகஸ்ட்ல ஹாஷிகார்ப் நிறுவனம் உரிமத்தையே மாத்திச்சு. இனிமே வர்ற பதிப்புகளை வெச்சு எங்களுக்குப் போட்டியாத் தொழில் செய்யக் கூடாது, நாலு வருஷம் கழிச்சுத்தான் அது பழைய திறந்த உரிமத்துக்குப் போகும்னு. 2024 மார்ச்ல ரெடிஸும் திறந்த உரிமத்துல இருந்து விலகிச்சு.

கம்பெனிகள் சொன்ன காரணத்தையும் நேர்மையாச் சொல்லிடணும். பெரிய கிளவுட் நிறுவனங்கள் அடுத்தவங்க எழுதின நிரலை எடுத்து வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்குது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதை. அந்தக் கோபம் பொய் இல்ல. ஆனா பெரிய மீனைப் பிடிக்கப் போட்ட வலையில சின்ன மீனும்தான் சிக்கும். அதே நிரலை வெச்சு நாலு பேருக்கு வேலை கொடுக்கிற சின்னக் கம்பெனியும் இப்போ வக்கீல்கிட்ட ஓடணும். வெளியில இருந்து உழைச்சவனுக்கோ ஒரு வார்த்தைகூடக் கேக்கல.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். டெர்ராஃபார்மோட பழைய திறந்த நிரலை எடுத்து ஓப்பன்டோஃபு பிறந்துச்சு. ரெடிஸ்ல இருந்து வால்கீ பிறந்துச்சு. ரெண்டுமே இப்போ லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடைக்குக் கீழ. 2025 மே மாசம் ரெடிஸே ஏஜிபிஎல்ங்கிற திறந்த உரிமத்தையும் சேத்துக்கிட்டுத் திரும்பி வந்துச்சு. கொடுத்த உரிமத்தைப் பழைய பதிப்புகள்ல இருந்து திரும்பப் பிடுங்க முடியாது. திறந்த மூலத்தோட உண்மையான பலம் அதுதான், விலை இல்லாமக் கிடைக்கிறது இல்ல.

மைஎஸ்க்யூஎல் கதையும் அப்படித்தான். 2008-ல சன் நிறுவனம் சுமார் 1 பில்லியன் டாலருக்கு வாங்கிச்சு. 2010-ல சன்னையே ஆரக்கிள் வாங்கிச்சு. ஆரக்கிளோட பெரிய தொழிலே டேட்டாபேஸ்தான். என்ன ஆகுமோன்னு பயந்த மைக்கேல் வைடனியஸ், மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கினவர்கள்ல ஒருத்தர், 2009-லேயே அதே நிரலைப் பிரிச்சு மரியாடிபி தொடங்கிட்டார். விக்கிப்பீடியா 2013-ல மரியாடிபிக்கு மாறிடுச்சு. பூட்டின மென்பொருளா இருந்திருந்தா இந்த வழியே இருந்திருக்காது.

*எழுதி வாங்கினவங்க பொழைச்சாங்க*

இந்த விஷயத்துல நாம பாடம் படிக்க வேண்டிய இடம் க்யூட்டி. திரையில வர்ற பட்டன், விண்டோ எல்லாம் செய்ய உதவுற மென்பொருள். நார்வேயோட ட்ரோல்டெக் உருவாக்கினது. லினக்ஸ்ல பிரபலமான கேடிஇ டெஸ்க்டாப் முழுக்க அதை நம்பித்தான் கட்டப்பட்டது. "நாளைக்கு இவங்க கதவைச் சாத்திட்டா?"ங்கிற பயம் வந்தப்போ, கேடிஇ ஆட்கள் வாய்வார்த்தையோட நிக்கல. 1998-ல ஒரு அறக்கட்டளை அமைச்சு, கம்பெனியோட ஒப்பந்தமே போட்டாங்க: க்யூட்டியோட இலவசப் பதிப்பைக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல வெளியிடாம நிறுத்தினா, யாரும் எடுத்துக்கிற மாதிரி தாராளமான உரிமத்துல அதை வெளியிட அறக்கட்டளைக்கு உரிமை உண்டு.

அதுக்கப்புறம் நோக்கியா வாங்கிச்சு, டிஜியா வாங்கிச்சு, இப்போ தனிக் கம்பெனியா இருக்கு. வணிக உரிமமும் விக்குது. முதலாளி மாறினாலும் அந்த ஒப்பந்தம் தொடர்ந்து வருது. கம்பெனியும் சம்பாதிக்குது, சமூகத்தோட உரிமையும் பத்திரமா இருக்கு. நம்பிக்கை வேணும்தான், ஆனா அதுக்குக் கீழ கையெழுத்தும் வேணும்.

*நம்ம வரிப்பணத்துக்கு இதுல என்ன இருக்கு?*

இந்திய அரசுக்குத் திறந்த மூலக் கொள்கை 2015-லேயே வந்தாச்சு. மென்பொருள் வாங்கும்போது திறந்த மூலத்தையும் பரிசீலிக்கணும். அதைச் சேர்க்காம வர்ற கம்பெனி ஏன்னு காரணம் சொல்லணும்னு அதுல இருக்கு. லினக்ஸ் அடிப்படையில நம்ம சென்னை சி-டாக்ல உருவான பாஸ் இயங்குதளமும் இருக்கு. பக்கத்துல கேரளாவோட அரசுப் பள்ளிகள்ல பல வருஷமா லினக்ஸ்லதான் பாடம் நடக்குது. முடியுமாங்கிற கேள்விக்குப் பதில் கிடைச்சாச்சு. எப்படிச் செய்யணுங்கிறதுதான் பாக்கி.

எந்தக் கட்சி ஆட்சியா இருந்தாலும், பொதுப்பணத்துல ஒரு மென்பொருள் வந்தா நாம கேக்க வேண்டியது நாலு:

1. நிரலோட உரிமை யார் கையில? காசு கொடுத்துச் செய்யச் சொன்ன அரசுக்கிட்டயா, செஞ்ச கம்பெனிகிட்டயா?

2. கம்பெனி கைமாறினாலோ உரிமத்தை மாத்தினாலோ என்ன ஆகும்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கா?

3. நம்ம தகவலை வேற மென்பொருளுக்கு மாத்துற மாதிரி, எல்லாருக்கும் பொதுவான வடிவத்துல எடுக்க முடியுமா?

4. பராமரிப்புக்குன்னு தனியா நிதி ஒதுக்கியிருக்கா?

நாலாவது கேள்வியை "இலவசம் வேணும்" அணி மறக்குது. முதல் மூணை "பெரிய கம்பெனிதான் பாதுகாப்பு" அணி மறக்குது.

இது வெறும் டெக்னிக்கல் சண்டை இல்ல தோழர்களே. நிரல் பூட்டியிருந்தா அடுத்த பத்து வருஷத்துக்கும் பராமரிப்பு காண்ட்ராக்ட் அதே கம்பெனிக்குத்தான். அவங்க சொன்னதுதான் விலை. நிரல் திறந்திருந்தா கோயம்புத்தூர்லயோ திருநெல்வேலிலயோ பத்துப் பேரை வெச்சு நடத்துற சின்னக் கம்பெனியும் டெண்டர் போடலாம். லைசென்ஸுக்குப் போற காசு நம்ம ஊர் இன்ஜினியருக்குச் சம்பளமா வரலாம். டிகிரியை வெச்சுக்கிட்டு வேலை தேடி அலையிற நம்ம பிள்ளைகளுக்கு இதைவிட நேரடியான விஷயம் வேற என்ன இருக்கு?

காசு கொடுப்போம், தாராளமாவே கொடுப்போம். உழைப்புக்குக் கொடுப்போம், பராமரிப்புக்குக் கொடுப்போம். பூட்டுக்குக் கொடுக்க மாட்டோம்.

அடுத்த தடவை உங்க ஊர்ல ஒரு புது ஆப், புது போர்ட்டல் திறப்பு விழா நடந்தா, ரிப்பன் வெட்டின போட்டோவோட நிக்காதீங்க. மேல இருக்கிற நாலு கேள்வியை மரியாதையா எழுதி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க. வர்ற பதிலை எல்லாரும் படிக்கிற மாதிரி பொதுவுல போடுங்க.

#திறந்தமூலம் #பொதுப்பணம்_பொதுநிரல்